தொட்டிப்பாலத்துக்கு அடியில்

நாளைக்கு வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும், அதுதான் முதல் விஷயம், சித்திரை வெயிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் மிதிக்க முடியாது, தண்ணீர் ஓடுகிற பக்கம் குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்கிறவர்கள் அந்தத் தடத்தில் போனதில்லை, உச்சி வேளையில் தண்ணீரே ஒரு வெயில் மாதிரி கீழேயிருந்து அடிக்கும், அதனால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும், மிதுனா அந்நேரத்துக்கு எழுந்திருப்பாளா, எழுந்திருப்பாள், ராத்திரி ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்த பிள்ளைதானே, ஆனால் அது அப்போது, இப்போது அவள் எழுகிற நேரம் எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொள், சென்னியப்பா. கண்ணை மூடினால்தான் தடம் தெரிகிறது. திறந்தால் இந்த லைன் வீட்டு ஓடும், பகலை மறைக்கச் சன்னலில் அடித்திருக்கிற கறுப்புப் போர்வையும், அதன் ஓரத்தில் கத்திபோல ஒரு கோடு வெளிச்சமும்தான். மில்லிலிருந்து வந்து குளித்துப் படுத்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ, தலைமுடிக்குள் இன்னும் பஞ்சு இருக்கிறது, எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாத பஞ்சு, தூக்கம் வரவில்லை, வர வேண்டாம், இன்று தூக்கத்துக்கு அவசரமில்லை, இன்று ராத்திரி எனக்கு ஷிப்ட் இல்லை, கதிர்வேலுக்கு மாற்றிவிட்டாயிற்று, நாளைக்கு நான் மனிதர்களைப்போல ராத்திரி தூங்கி எழுந்து பிள்ளையைப் பார்க்கப் போகிறேன். அடுத்த வாரம் அவர்கள் ஓசூருக்குப் போகிறார்கள். கோகிலவாணி, என்னைப் பிரிந்தபிறகு அவள் இப்போது கட்டியிருக்கிற சிவக்குமார், மிதுனா. பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாகிவிட்டது. அவரைப்பற்றி நான் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்ல முடியாது, பகலில் விழித்திருக்கிற மனிதர், அவ்வளவுதான் அவருக்கும் எனக்கும் வித்தியாசம், அவ்வளவுதானா, சரி அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். நாளை ஞாயிறு எனக்கு. இந்த ஊரில் கடைசி ஞாயிறு.

தடத்தை முதலிலிருந்து பார்த்துவிடுவோம். கோகிலாவின் அம்மா வீட்டு வாசலிலிருந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டால், ரைஸ் மில்லைத் தாண்டி இடது பக்கம் ஏறினால் வாய்க்கால் மேடு. கீழ்பவானி வாய்க்காலில் இப்போது தண்ணீர் கரை தொட்டுப் போகிறது, இன்னும் சில நாளில் அடைத்துவிடுவார்கள், அடைத்துவிட்டால் சேறும் செருப்பும் பாட்டிலும்தான், அதை யார் பிள்ளைக்குக் காட்டுவது, அதனால் நாளைதான். அதிகாரிகள் ஜீப்பில் போவதற்குப் போட்ட மண் தடம், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் மஞ்சக்காடு, பிறகு தென்னந்தோப்பு, பிறகு ஒரு மதகு, அந்த மதகில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும், நான் காலையில் சைக்கிளில் வரும்போது தினமும் பார்க்கிற மீன்கொத்தி, அது என்னைப் பார்த்துப் பறக்கக்கூட மாட்டேன் என்கிறது, ராத்திரி ஷிப்ட்காரன் என்று அதற்கும் ஓர் இளக்காரம். மிதுனாவைப் பார்த்தால் பறக்கும். பறக்க வேண்டும், பறந்தால்தான் அந்த நீலம் தெரியும். மதகில் இறங்கி அஞ்சு நிமிஷம் நிற்கலாம். நேற்று டீ குடிக்கும்போது கதிர்வேலிடம் சொன்னேன். "ஏனுங்ணா, வாய்க்கா மேட்டுல சைக்கிள் உடறதுக்கு இத்தன ரோசனைங்களா? கலெக்டர் வர்றாப்ல பிளான் போட்டிருக்கறீங்க, ரெண்டு வரவேற்பு வளைவு வெச்சரலாங்ளா?" என்றான். வெச்சரலாம்ப்பா, ஒன்று உன் செலவு என்றேன். "என்ர பையன வாய்க்காலுக்கு வாடான்னா, அங்க என்ன டவர் கெடைக்குமாங்கறான்," என்றான். சிரித்தேன். உள்ளே போனபிறகு இயந்திரங்களுக்கு நடுவே என்னைப் பார்த்துக் கையால் சைக்கிள் மிதிக்கிறமாதிரி சுற்றிக்காட்டினான். மில்லுக்குள் பேச்சு கிடையாது, சைகைதான், நூல் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் உதட்டைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் என் காது பாதி போய்விட்டது. நூலகத்தில் உடம்பைப்பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன், காதின் உள்ளே நத்தை மாதிரி ஒன்று சுருண்டிருக்கிறதாம், அதற்குள் மயிரிழை மாதிரி நுணுக்கமாக இருப்பவைதான் சத்தத்தை வாங்குமாம், படுத்துவிட்டால் பிறகு எழுந்திருக்காதாம். முதலில் படுப்பவை மெல்லிய சத்தத்துக்கு உரியவை. படித்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய சத்தம். என் பிள்ளையே மெல்லிய சத்தம்தானே.

அவளை யாரும் அப்படி ஆகச் சொல்லவில்லை, ஆகிவிட்டாள். நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே கொலுசைக் கழற்றிவிட்டாயிற்று, ஒரே அறை வீடு, பகலெல்லாம் நடுவில் நான் படுத்திருப்பேன், என்னைச் சுற்றி வீடு நடக்கும். அப்பா தூங்கறாங்க, சத்தம் போடாத கண்ணு. அவள் கேட்ட முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். தட்டைத் தரையில் வைக்க மாட்டாள், துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் வைப்பாள். தும்மல் வந்தால் வெளியே ஓடுவாள். கதவைச் சாத்தும்போது கொண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே சாத்துவாள், நான்கு வயதில், எக்கி நின்று. எல்லாரும் மெச்சினார்கள், என்ன அடக்கமான பிள்ளை என்று. எனக்கும் பெருமைதான். அவள் என்னிடம் பேசுவதெல்லாம் காற்றாக வரும், நான் அவள் உதட்டைப் பார்ப்பேன், மில்லில் பார்க்கிறமாதிரி, பாதி புரியும், பாதிக்கு ம் கொட்டுவேன். அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு எதற்கோ போனபோது, மைதானத்தில் ஒரு பிள்ளை எங்கேயோ அண்டம் அதிரக் கத்துகிறது, யாருடைய பிள்ளை இது இப்படித் தொண்டை கிழிய என்று திரும்பினால் மிதுனா. கபடிக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, "அவுட்டு, அவுட்டு, ஏய் கள்ளாட்டம் ஆடாதடி!" என்று. நான் சுவர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். அவள் சத்தம் எனக்கு முழுசாகக் கேட்டது. அந்தச் சத்தம் இவளுக்குள் எங்கே இருந்தது? பிறகு அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள், வருகிற வழியிலேயே குரலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள், பக்கத்தில் வந்து, காற்றாக, "வந்துட்டீங்ளாப்பா, தூங்கலீங்ளா?"

அதற்குத்தான் தொட்டிப்பாலம். யாரிடமும் சொல்லவில்லை, கதிர்வேலிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் கிறுக்கு என்பான். மஞ்சக்காடும் மீன்கொத்தியும் மதகும் எல்லாம் போகிற வழிதான், போகிற இடம் அது. வாய்க்கால் ஒரு பள்ளத்தைத் தாண்டுகிற இடத்தில் தண்ணீரைத் தொட்டி கட்டி மேலே கொண்டுபோகிறார்கள், அடியில் வளைவு வளைவாகக் கல்கட்டு, அந்த வளைவுக்குள் வண்டித்தடம் போகிறது, தலைக்கு மேல் ஒரு வாய்க்கால் முழுக்க ஓடுகிறது, சுவர் சில்லென்று கசியும், உள்ளே நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பிக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஷிப்ட் முடிந்து சுற்றிக்கொண்டு வந்தபோது தற்செயலாக இருமினேன், இருமல் திரும்பி வந்தது. சுற்றிப் பார்த்தேன், ஆள் இல்லை. மிதுனா என்றேன். மிதுனா என்றது. இன்னும் கத்தி, மிதுனா! என்னுடைய இந்தக் காதுக்குக்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஓர் ஆட்டுக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங், ஆடு தொலைஞ்சு போச்சுங்ளா?" என்றார். ஆமாங்க என்றேன். என்ன சொல்வது? அங்கே நிறுத்தி அவளிடம் சொல்ல வேண்டும், கண்ணு, இங்க யாரும் தூங்கலை, கத்து. என்ன கத்துவாள்? எது வேண்டுமானாலும். அவுட்டு என்று கத்தட்டும். என்னை எழுப்புகிறமாதிரி கத்தட்டும். ஒரு தடவை அந்தக் குரல் என் பக்கம் திரும்பி வர வேண்டும், பிறகு ஓசூர் என்ன, எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இல்லை, போகட்டும் என்று சொல்லாதே, போவது வேறு, போகட்டும் என்பது வேறு.

வெளியே ஏதோ வண்டி வந்து நிற்கிறது. நிற்கிறதா, அல்லது என் காதுக்குள் எப்போதும் ஓடுகிற மில்தானா, படுத்தால் அது ஓடத் தொடங்கும், இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது, ரேவதி அதட்டியிருப்பாள், லீவு விட்டதிலிருந்து அதுதான் அவளுக்கு வேலை, "டேய் பிரனேஷு, மெதுவாடா, மில்லுக்காரண்ணன் தூங்கறாங்கல்ல," இந்த லைனே எனக்காக வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது, நான் கேட்கவில்லை, ஒரு மரியாதை, ராத்திரி ஷிப்ட்காரன் வீட்டை எல்லாரும் சாவு வீட்டைத் தாண்டுவதுபோலத் தாண்டுகிறார்கள். மூடின இமைக்குள் சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்த அந்த வெளிச்சக் கோடு அணைகிறது. மேகம். சித்திரையில் மேகமா, மழை வந்துவிடுமோ, மழை வந்தால் மண் தடம் சேறாகிவிடும், சைக்கிள் இழுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போகும், கரைக்குக் கைப்பிடி கிடையாது, பிள்ளை கேரியரில், நீச்சல் தெரியாது அவளுக்கு, எனக்கும் தெரியாது, அந்த வாய்க்கால் பார்க்கத்தான் மெதுவாகப் போகிறது, உள்ளே இழுவை, கண்ணைத் திறக்காதே, திறந்தால் தூக்கம் அடியோடு போய்விடும், சேறு இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், தண்ணீர்ப் பக்கம் நான், காட்டுப் பக்கம் அவள். அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. கோடு மறுபடி சிவக்கிறது. மேகம் போய்விட்டது. வண்டியும் போய்விட்டது, அல்லது மில் நின்றுவிட்டது.

கேரியரில் தலையணையை மடித்துக் கட்ட வேண்டும். முன்பு பாரில் குட்டி சீட் போட்டு உட்கார வைப்பேன், அவள் தலை என் தாடைக்குக் கீழே வரும், எண்ணெய் வாசனை, இனிமேல் பாரில் உட்காருவாளா, கால் தட்டும். எவ்வளவு உயரம் இருப்பாள்? எனக்கு அவள் உயரம் நிற்கிற கணக்கில் தெரியவே தெரியாது. ஷிப்ட் மாறுகிற ஒருநாள் இரண்டுநாள் ராத்திரியில் வீட்டில் இருந்தால் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், பாயில் இந்த நுனியிலிருந்து எது வரை வருகிறாள் என்று சாண் போட்டு அளப்பேன். கோகிலா கையைத் தட்டிவிடுவாள். "தூங்கற புள்ளைய இப்படிப் பாக்கக் கூடாதுங்க, கண்ணு பட்டுரும், ஆகாது." பின்னே எப்போது பார்ப்பது என்று கேட்டதற்கு, "அவ முழிச்சிருக்கறப்பப் பாருங்க," என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. ஏதோ மிக எளிதான ஒரு விஷயம்போலச் சொன்னாள். பிரிந்தபிறகு கிடைத்த ஞாயிறுகளும் அப்படித்தான், சனி ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, கண்ணு, அப்பா சித்தே படுத்துக்கறேன் என்று படுப்பேன், விழிக்கும்போது சாயங்காலம், அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள், கிரேயான் உரசுகிற சத்தம்கூடக் கேட்காது. போலீஸ்காரன் மாதிரி எனக்குக் காவல் இருந்துவிட்டுப் போவாள். நாளை அப்படி இல்லை. நாளை புளிசாதம் கட்டிக்கொள்ள வேண்டும், நானே கிளறுகிறேன், வேர்க்கடலை நிறையப் போட்டு. தென்னந்தோப்பு நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கே என்ன பேசுவது? அதை யோசிக்கவில்லையே. தடத்தையெல்லாம் யோசித்துவிட்டு, அதை யோசிக்கவில்லை. ஓசூரில் குளிருமாமே என்று கேட்கலாம். அங்கிள் நன்றாகப் பேசுவாரா என்று கேட்கக் கூடாது. அப்பாவை ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்லக் கூடாது, பிள்ளைக்கு அது சுமை. அவளாக ஏதாவது சொன்னால் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், ம் கொட்டக் கூடாது, கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும், இன்னும் சத்தமாகச் சொல்லு சாமி என்று. ஷிப்டை மாற்றின விஷயத்தை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நாளைக்கு நேரில் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன், அப்பா இன்னைக்குத் தூங்கவே போறதில்லை கண்ணு என்று சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகும், அதைப் பார்க்க வேண்டும்.

தலையணைக்கு அடியில் போன் நடுங்குகிறது. மணியடிக்க விடுவதில்லை நான், நடுக்கம்தான். கோகிலாவின் எண். காதில் அழுத்திக்கொண்டு அலோ என்கிறேன். ஓர் இரைச்சல், காற்று, அதற்குள் தூரத்தில் ஒரு சிரிப்பு, ஒரு பிள்ளை உரக்க, "அய்யய்யோ அங்கிள், அந்த லாரிய முந்துங்க, முந்துங்க!" அதே குரல், மைதானத்துக் குரல், நான் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன், பிறகு கோகிலா, "அப்பா எடுத்துட்டாங்க, பேசு," என்கிறாள், அந்தக் குரல் அணைந்துபோய், காற்றாக, "அப்பா, நாந்தானுங்ப்பா. எழுப்பிட்டனுங்ளா?" இல்லை கண்ணு, நான் தூங்கவே இல்லை, எங்கே இருக்கிறாய், என்ன இரைச்சல் அது. "கார்லீங்ப்பா. ஓசூர் போறமுங்ப்பா." அடுத்த வாரம்தானே. "நாளைக்குக் கரிநாளாமாங்ப்பா. அப்புறமும் நாள் சரியில்லையாமா. இன்னைக்கே போயிப் பால் காச்சிரோணும்னு ஜோசியர் சொல்லிட்டாராமா. காலைல சாமானெல்லாம் ஏத்தி உட்டுட்டாங்க." எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேனா, கேட்டிருப்பேன், ஏனென்றால் கோகிலா குறுக்கே வந்து, "நாங்க நேர்லயே சொல்லீட்டுப் போலாம்னு வந்தமுங்க. காரைத் திருப்பீட்டு உங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வந்தம். இவதான் எழுப்பவே உடலை," என்கிறாள். பிறகு மறுபடி அந்தக் காற்று. "சன்னல் ஓரத்துல துணி வெலகியிருந்துச்சுங்ப்பா. அதுல பாத்தேன். நீங்க கண்ண மூடிப் படுத்திருந்தீங்க. மூஞ்சி நல்லா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. நல்லாத் தூங்கறீங்கன்னு... அம்மா கதவத் தட்டறன்னாங்க, நாந்தான் வேண்டாம்னேன். ரேவதியக்கா பசங்களக்கூடச் சத்தம் போட வேண்டாம்னு சொன்னேன். தூங்கறவங்களப் பாத்துட்டே இருக்கக் கூடாதில்லீங்ப்பா. அதான் சித்தே பாத்துட்டு வந்துட்டேன்."

மேகம். நான் அதை மேகம் என்று நினைத்தேன், கண்ணு. எங்கே வந்துவிட்டீர்கள் என்று கேட்கிறேன், என் குரல் யாருடையதோபோல இருக்கிறது, இதோ சைக்கிளை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் என்று சொல், நிற்கச் சொல். "ரொம்ப தூரம் வந்துட்டமுங்ப்பா. வாய்க்காப் பாலமெல்லாம் எப்பவோ தாண்டிட்டம். தண்ணி நெறையப் போவுதுங்ப்பா, மேல வரைக்கும். நாம போலாம்னு சொன்னீங்கல்ல, அந்தத் தடமெல்லாம் பாத்தேன். ஒரு நீலக் குருவி பறந்துச்சு." பறந்ததா, பறந்ததா கண்ணு, என்கிறேன். அவள் ஏதோ சொல்கிறாள், கேட்கவில்லை, இன்னும் சத்தமாச் சொல்லு சாமி, அப்பாவுக்குக் கேட்கலை, இன்னும் சத்தமா, இன்னைக்கு ராத்திரி எனக்கு ஷிப்ட் இல்லை, நான் தூங்க வேண்டியதில்லை, நீ கத்து, என்று சொல்ல வாயெடுக்கிறேன், முதல் வார்த்தைக்கே பஞ்சு இருமல் முந்திக்கொள்கிறது, அவள் காதில் விழாமல் போனைத் தள்ளிப் பிடிக்கிறேன், அந்த இடைவெளியை அவள் என்னவென்று நினைத்தாளோ, "சேரீங்ப்பா, தூக்கம் வருதுங்ளா, தூங்குங்க, நான் வெச்சரட்டுங்ளா," என்கிறாள், கொண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்துவாளே, அப்படி வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிடுகிறேன். அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது, அந்தக் காருக்குள் எந்தப் பையின் அடியிலோ அது சத்தமில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும், யார் காதிலும் விழாமல், அவள் பார்த்துப் பார்த்து அப்படி வைத்திருப்பாள், என் போனுக்குச் செய்வாளே, அப்பா தூங்கும்போது மணி அடிக்கக் கூடாதென்று பொத்தானை அழுத்திவிடுவாளே, கை தானாகச் செய்திருக்கும். படுத்துக்கொள்கிறேன். தூங்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கண்ணை மூடுகிறேன், கண்ணை மூடினால் தடம் தெரிகிறது, மஞ்சக்காடு, தென்னந்தோப்பு, மதகில் குருவி இல்லை, வெறும் மதகு, கேரியரில் மடித்துக் கட்டின தலையணை, அதில் யாரும் இல்லை, சைக்கிள் பாரமில்லாமல் போகிறது, கல் வளைவுக்குள் குனிந்து நுழைகிறேன், தலைக்கு மேல் அத்தனை தண்ணீரும் ஓடுகிறது, சில்லென்று இருக்கிறது, வளைவின் அந்தப் பக்கத்து வெளிச்சத்தில் அவள் நிற்கிறாள், நிற்கிற உயரத்தில், முதல் தடவையாக நிற்கிற உயரத்தில், உதடு அசைகிறது, நான் உதட்டைப் பார்க்கிறேன், மில்லில் பார்க்கிறமாதிரி, வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருப்பதால் உதடு தெரியவில்லை, கேட்கலை கண்ணு, கேட்கலை, "கத்து! கத்துடா கண்ணு! கத்து!"

ஓட்டில் பட்டு அது எனக்கே திரும்பி வந்தது. நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே அதுவரை ஏதோ பந்தை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள், பந்து மட்டும் உருண்டுபோய் எதிலோ இடித்து நின்றது, என் காதுக்கே அது கேட்டது. ரேவதியின் குரல் அடங்கி வந்தது. "அப்பவே சொன்னேன், கேட்டீங்களாடா? எழுப்பி உட்டுட்டீங்க பாரு. அவங்க புள்ள அத்தன சொல்லீட்டுப் போச்சில்ல, அப்பா நல்லாத் தூங்கறாங்கன்னு. போங்க, எல்லாரும் உள்ள போங்க." ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. மெதுவாக, கொண்டி இடிக்காமல்.